இரண்டு லட்சத்துப் பையும் திங்கட்கிழமைச் சுடிதாரும்

விலை உயர்ந்த கைப்பைக்காக வாதாடுகிறவர்கள் இப்போதெல்லாம் ஆசையைப் பற்றிப் பேசுவதில்லை, கணக்குப் பேசுகிறார்கள். துணி சாயம் போகும், பிய்யும், சதை போட்டால் பிடிக்கும். பை அப்படியே இருக்கும் என்கிறார்கள். தினமும் தோளில் மாட்டினால் நாள் ஒன்றுக்கு ஆகும் செலவு உடுப்பைவிடக் குறைவு என்கிறார்கள். வேண்டாம் என்றால் விற்றுவிடலாம், போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் சிலர் உடுப்புப் பணத்தைச் சுருக்கிப் பைக்கு ஒதுக்குவதற்குப் பின்னால் இந்த மூன்று பேச்சும் இருக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கினேன் என்று ஒருத்தி சொன்னால் அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. கணக்கு என்று சொன்னால் அதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இரண்டு லட்சம் ரூபாய்ப் பை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 250 வேலை நாள், ஐந்து வருடம் விடாமல் தூக்கினால் 1,250 நாள். நாளுக்கு 160 ரூபாய். இந்தப் பக்கம் 2,500 ரூபாய்க்கு டாப், பேன்ட், துப்பட்டா சேர்ந்த பருத்திச் செட். வாரம் ஒரு முறை உடுத்தி, ஒன்றரை வருடத்தில் 80 முறை துவைத்து நைந்துபோகிறது என்றே கொள்வோம். ஒரு முறைக்கு 31 ரூபாய் ஆகிறது. பையின் நாள் செலவு இந்த 31 ரூபாய்க்கு இறங்க, அதை 25 வருடத்துக்கு மேல் தினமும் சுமக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் பாதி விலைக்கு விற்றாலும் நாளுக்கு 80 ரூபாய் நிற்கிறது. பை வாங்கியவர்கள் அதை ஐந்து வருடம் தினமும் எடுப்பார்கள் என்பதே தாராளமான அனுமானம். மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவள் அதைத் துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு வேறு பையைத் தூக்குகிறாள். அப்போது வகுக்கும் எண் இன்னும் சிறுத்துவிடுகிறது.

அடுத்தது தரம். விலை ஏறியதெல்லாம் வேலைப்பாட்டுக்குத்தான் போகிறதா? ஷனேல் நிறுவனத்தின் நடுத்தர அளவு கிளாசிக் ஃப்ளாப் பை அமெரிக்காவில் 2019-இல் ஏறக்குறைய 5,800 டாலர். 2024-இல் அதே பை 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஐந்து வருடத்தில் தோலும் கூலியும் அந்த அளவுக்கு ஏறவில்லை. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தபோது வெளியான ஆவணங்கள் இதைவிடத் தெளிவாகப் பேசின. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துச் சேர்த்துக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் முதலான மூலப்பொருள் செலவு இதில் சேராது என்பதையும், நிறுவனம் கண்காணிப்பைச் சீர்செய்த பின் 2025-இல் மேற்பார்வை விலக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் அந்த 53 என்னை உறுத்துகிறது. அதிக விலை கொடுத்தால் தொழிலாளிக்கு நல்ல கூலி போய்ச் சேரும் என்ற நம்பிக்கைதான் மலிவு உடுப்புக்கு எதிராகப் பையை நிறுத்துகிறவர்களின் அறம் சார்ந்த ஆயுதம். அந்த ஆயுதம் இந்த வழக்கிலேயே முறிந்துவிட்டது.

எர்மெஸ் பிர்கின் பையைத் தனியாக வைத்துப் பேச வேண்டும். 1984-இல் வந்த அந்தப் பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை தைக்கிறார். ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையல் அது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் ஓடிப் பிரியாது. இயந்திரத் தையலில் அந்த உறுதி இல்லை. அந்த வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன். நடிகை ஜேன் பிர்கினுக்காகச் செய்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸில் சோத்பிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 86 லட்சம் யூரோவுக்குப் போனது. ஆனால் அது சரித்திரப் பொருளுக்கான விலை. அதைக் காட்டிக் கடையில் தொங்கும் பைகளை எல்லாம் முதலீடு என்பது தவறு.

தங்கத்தைவிடப் பிர்கின் லாபம் என்று பரவிய ஓர் ஆய்வு உண்டு. 2016-இல் அதை வெளியிட்ட பேக்ஹன்டர், பழைய பைகளை வாங்கி விற்கும் நிறுவனம். விற்கிறவரே தன் சரக்குக்குக் கொடுக்கும் சான்றிதழை எந்த அளவுக்கு நம்புவது? அதை விடுவோம். கடை விலைக்குப் பிர்கின் கிடைப்பதே அரிது. ஸ்கார்ஃப், செருப்பு, நகை என்று வேறு பொருள்களை வாங்கிக் குவித்த பிறகுதான் பையைக் கண்ணில் காட்டுகிறார்கள் என்று 2024-இல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது, ஆனாலும் புது வாடிக்கையாளர் நேரே போய் ஒன்றை எடுத்துவர முடியாது என்ற நிலை மாறவில்லை. மறுவிற்பனையில் விலை கூடுவது இப்படி வேண்டுமென்றே அரிதாக்கப்பட்ட சில பைகளுக்குத்தான். மற்ற பெரும்பாலான பிராண்டுப் பைகள் கடைவாசலைத் தாண்டியதும் மதிப்பிழக்கின்றன.

தங்கத்தோடு ஒப்பிட்டால் வேறொரு குறையும் தெரியும். அவசரம் என்று வந்தால் நாலு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் அன்றைக்கே நகைக்கடன் கிடைக்கும். பையை எடுத்துப்போனால் எந்த வங்கி அடகு பிடிக்கும்? பில், பெட்டி, தூசிப்பை, அசல்தானா என்ற சோதனை, விற்றுத் தருகிறவரின் கமிஷன் எல்லாம் கடந்து பணம் வர வாரங்கள் ஆகும்.

நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளாத கணக்கு சென்னைக்கு உதவாது. லூயி வுய்ட்டானின் புகழ்பெற்ற மோனோகிராம் பைகளில் பெரும்பாலானவற்றின் உடல் தோலே அல்ல. பூச்சு ஏற்றிய துணி. அது மழைக்குத் தாங்கும். கைப்பிடியில் இருப்பது மேற்பூச்சில்லாத மாட்டுத்தோல். மே மாதத்தில் வியர்த்த கையோடு சில வாரம் பிடித்தால் விரல் பட்ட இடமெல்லாம் தேன் நிறம் போய்க் கறுக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிய அலமாரியில் வைத்த தோல் பை பூசணம் பூக்கும். உள்ளே செயற்கைத் தோல் லைனிங் இருந்தால் ஈரக்காற்றில் பிசுபிசுத்து உரியும். கெடாத பொருள் என்று விற்கப்படும் ஒன்று இங்கே பராமரிப்பு கேட்கும் பொருளாகிவிடுகிறது.

பையின் பக்கம் நிற்கிறவர்களிடம் வலுவான வாதங்களும் இரண்டு உண்டு. மலிவு என்று சொல்லி மாதம் இரண்டு டாப் வாங்கி, வருடக் கடைசியில் பாதியைத் தொடாமலேயே வைத்திருப்பவள் சிக்கனக்காரி இல்லை. அந்தப் பணத்தைத் திரட்டி ஒரே நல்ல பொருள் வாங்குவது மேல் என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவு உடுப்புக் குவியலுக்கு மாற்று குறைவான, நல்ல உடுப்பு. பை எப்படி மாற்றாகும்? இன்னொன்று மரியாதை. வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண், தன் காசில் வாங்கிய பிராண்டுப் பையோடு ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது அவளுக்குக் கிடைக்கும் தெம்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அவளை எடைபோடும் கண்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் கண்கள் முதலில் பார்ப்பது கசங்காத பருத்தியை, தோளில் சரியாக உட்கார்ந்த ரவிக்கையை. பையின் முத்திரையை அடையாளம் காண்கிறவர்கள் அந்த அறையில் சிலரே.

உடுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். டாப்பை உள்பக்கம் திருப்புங்கள். அக்குளுக்குக் கீழே, பக்கத் தையலுக்கு அப்பால் அரை அங்குலமாவது துணி விட்டிருக்கிறதா? விட்டிருந்தால் சதை போட்டாலும் பிரித்து அகலம் விட்டுக்கொள்ளலாம். இன்னும் இரண்டு வருடம் ஓடும். மலிவுச் சரக்கில் ஓவர்லாக் தையலை ஒட்டியே ஓடியிருக்கும். பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் தையல் நிற்கும், அதன் ஓரத்தில் துணி இழை இழையாக விலகும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரியும். பையில் 53 யூரோ வேலைக்கும் 2,600 யூரோ விலைக்கும் நடுவில் இருப்பதை இப்படி எந்த வெளிச்சத்திலும் பிடித்துப் பார்க்க முடியாது. உடுப்பு பத்து மணி நேரம் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. வேர்க்குரு தருவதும் தராததும் அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு உடுப்புக்கே. உள்ளாடை, வாரத்துக்கு ஏழு நல்ல செட் அல்லது சேலை, அளவு பார்த்துத் தைத்த ரவிக்கைகள், மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் செருப்பு எல்லாம் நிறைந்த பிறகுதான் பை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 என்பதால் அந்த வரம்புக்குள் நல்ல பருத்தியைத் தேடுவது லாபம். பைக்கு ஒரு வருட உடுப்புச் செலவில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் வரம்பு. வருடம் 40,000 ரூபாய்க்கு உடுப்பு எடுப்பவளுக்குப் பத்தாயிரம். அந்தப் பணத்துக்கு வாங்கும் பை தாழ்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உலகச் சந்தைக்குப் போகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இந்த மண்ணில் நீண்ட மரபு இருக்கிறது. புதுச்சேரியில் 1978-இல் தொடங்கிய ஹைடிசைன் தாவரப் பதனீட்டுத் தோலில் செய்யும் பைகள், தினமும் தூக்கினாலும் சில வருடங்கள் உழைக்கக்கூடியவை. ஜிப்பின் ரன்னர் போனால் மாற்றலாம், வார் அறுந்தால் தெருமுனையில் தைக்கலாம்.

கடன் அட்டையில் தவணை போட்டுப் பிராண்டுப் பை வாங்குவதற்கு நான் எந்த விலக்கும் தர மாட்டேன். கைக்காசு உபரியாக இருந்து, அந்தக் கைவேலையின் அழகுக்காகவே ஒன்று வேண்டும் என்று பல வருடம் நினைத்திருப்பவளுக்கு விலக்கு உண்டு. அவளும் முதலில் பழைய பைச் சந்தையைப் பார்க்கட்டும். புதிதாக வாங்கியவர் அங்கே இழக்கும் தொகை இவளுக்கு மிச்சமாகும். ஆனால் போலிகள் மலிந்த சந்தை அது. அசல் என்று எழுத்தில் உறுதி தந்து, போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்ளும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்க வேண்டும். விலையை உடுப்புக் கணக்கில் ஏற்றாமல், ஊர்சுற்றல், ஓவியம், இசைக் கச்சேரி போலத் தன் மகிழ்ச்சிக்கான செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் பணமாக அதை எங்கேயும் எழுதக் கூடாது.