ஏட்டில் ஏறாத நினைவுகள்

மலாயாப் போர்க்கால ஆவணங்கள் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் பேணி வருகிறது. சிங்கப்பூர்ச் சாங்கியில் சிறையிருந்த ஆங்கிலேயரின் குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். எழுதியவர் நினைவு நிலைத்தது. எழுத வாய்ப்பற்றவர் நினைவு யாண்டுளது?

1942–43இல், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோரின் பெயரும் எஞ்சவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ புதினம் இக்குறையை ஓரளவு நிறைக்கிறது. ஆயினும், புதினம் துயரை உணர்த்துமேயன்றிப் பெயருக்கும் நாளுக்கும் சான்றாகாது.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. அத்தகைய போருக்கு முந்திய தோட்டங்களில், முதியோர் தம் மக்களுக்குச் சொல்லிச் சென்றவற்றைத் தமிழாசிரியர்கள் ஊரும் பெயரும் குறித்து எழுதிவைத்தல் கடன். அன்றேல், ஆவணக்காப்பகம் ஆண்டவர் வரலாறாகவே நின்றுவிடும்.