அட்டையிலிருந்த ஓர் எண்

நூலொன்றின் அட்டை இலக்கியத்தின் பாற்படுமா, வாணிகத்தின் பாற்படுமா என்னும் வினாவை எமது விமர்சகர்கள் அதிகம் எழுப்பியதில்லை. அமெரிக்காவில் இரு நீதிமன்றங்கள் அதனை எழுப்பி, இரு வேறு விடைகளைக் கூறின. அவ்வழக்குகளுக்குக் காரணமாயிருந்த நூலை, பரபரப்பெல்லாம் அடங்கிவிட்ட இன்று நாம் ஆறுதலாக நோக்கலாம்.

இலினோய் ஆற்றங்கரையிலே பியர்ட்ஸ்ரவுண் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பெண்கள் சிலர், பெரும்பாலும் வயது முதிர்ந்தோர், 1983ஆம் ஆண்டிற் கூடிப் பங்கு வாங்கும் கழகமொன்றைத் தொடங்கினர். ஆரம்பத்தில் ஆளுக்கு 100 டொலர். பின்பு மாதந்தோறும் 25 டொலர். கம்பனிகளைப் பற்றிப் படித்துவந்து ஒருவர்க்கொருவர் எடுத்துக் கூறி, விவாதித்து, கூட்டாக முடிவு செய்தனர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இவர்கள் பெயரால் வெளிவந்த முதலீட்டு வழிகாட்டி, தாம் சந்தையை வென்றதாகவும் வாசகரும் வெல்லலாமெனவும் தலைப்பிலேயே பறைசாற்றிற்று. பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 23.4 வீத வருவாய் என்பது அட்டையிலிருந்த எண். எட்டு இலட்சம் பிரதிகளுக்கு மேல் விலைபோயின.

பங்குகளைப் பற்றிய விளக்கங்களோடு சமையற் குறிப்புகளும் இந்நூலிலே கலந்துவருகின்றன. இதனை வெறும் அலங்காரமென்று தள்ளிவிடலாகாது. நூலின் உயிர்நிலையே இதுதான். தரகனின் சொல்லை ஐயுறும் வாசகன், பாட்டியின் அடுக்களையை ஐயுறுவதில்லை. சந்தையின் அந்நியத்தன்மையை அடுப்பின் மணத்தால் மறைக்கும் இவ்வுருவம், பதிப்பாளரின் கைவண்ணமாயினும் அன்றாயினும், திறமையானதே. உருவம் உள்ளடக்கத்தினின்றும் பிரிக்கவொண்ணாதது என்று கூறும் நாம், அஃது உள்ளடக்கத்தை எவ்வளவு தூரம் மூடி மறைக்கவும் வல்லது என்பதற்கு இங்கே நல்லதோர் உதாரணத்தைக் காண்கிறோம்.

1998இல் சிக்காகோச் சஞ்சிகை ஒன்று மூடியைத் திறந்தது. உறுப்பினர் மாதந்தோறும் செலுத்திய சந்தாப் பணமும் வருவாயோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டிருந்தது! உண்டியலில் 100 டொலர் இட்டவன், மாதம் 25 டொலர் சேர்த்து, ஆண்டிறுதியில் 400 டொலரைக் கண்டு தன் பணம் நான்கு மடங்காயிற்று என்பதை இஃது ஒக்கும். பிறைஸ் வோட்டர்ஹவுஸ் கணக்காய்வாளர் ஆராய்ந்தபோது, 1984 முதல் 1993 வரையிலான உண்மை வருவாய் 9.1 வீதமே எனத் தெரிந்தது. அக்காலத்திற் பங்குச்சந்தையின் பொதுச் சுட்டெண் 14.9 வீதம் ஈட்டியிருந்தது. அதாவது, கூட்டமோ படிப்போ இன்றி, சந்தை முழுவதிலும் பரவலாகப் பணத்தை இட்டுவிட்டுத் தூங்கியவன் இவர்களிலும் மேலாகப் பெற்றிருப்பான்.

இம்முதியவர்களை ஏளனஞ் செய்வதில் எமக்கு உடன்பாடில்லை. கணனியிற் பதிவு செய்கையில் நேர்ந்த பிழை என்றனர். அதனை நம்பாதிருக்க நியாயமில்லை. ஆனால் பதிப்பகத்தாரின் நிலை வேறு. மலிவுப் பதிப்பின் உட்பக்கத்திலே, பதிப்புரிமை விபரங்களோடு ஒதுங்கியவாறு, இவ்வருவாயிற் சந்தாவும் அடங்கும் என்ற குறிப்பு இருந்தது. சஞ்சிகையாளரின் கண்ணிற் பட்டதும் அக்குறிப்பே. ஆக, எண் அட்டையிலும் உண்மை உட்பக்கத்திலும் குடியிருந்தன. ஹைப்பீரியன் என்ற அப்பதிப்பகம் அந்நாளில் டிஸ்னி கம்பனியின் உடைமையாயிருந்தது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

கணக்குப் பிழையினும் ஆழமான குறையொன்று உண்டு. கூடிப் படித்தல், ஐயங்களைப் பகிர்தல், வாக்கெடுத்துத் தீர்மானித்தல் ஆகிய இவையாவும் எமது வாசிப்பு வட்டங்களும் போற்றும் பண்புகள். ஆனால் இத்தகைய கழகங்களில் அக்கூட்டறிவு பங்கின் விலையோடு நின்றுவிடுகிறது; இலாபம் எவருடைய உழைப்பினின்றும் பிறக்கிறது என்ற வினா வாசலுக்கு வெளியே நிற்கிறது. அதே ஊரில், அதே பத்தாண்டுகளில், அதற்கு விடை கிடைத்திருந்தது. பன்றியிறைச்சித் தொழிற்சாலையை ஒஸ்கார் மேயர் கம்பனி மூடிவிட, 1987இல் அதனைக் கார்கில் நிறுவனம் வாங்கி, முன்னையிலும் குறைந்த கூலிக்கு மீண்டும் நடத்திற்று. கார்கிலோ சந்தையிற் பங்கு விற்காத குடும்பச் சொத்து. தம் அயலாரின் குறைக்கப்பட்ட கூலியிலிருந்து பிறந்த இலாபத்தில், விரும்பினாலும், இப்பெண்களால் ஒரு பங்கேனும் வாங்கியிருக்க இயலாது!

இனி, வழக்குகள். அட்டையிலுள்ள கூற்று உண்மையா பொய்யா எனச் சரிபார்க்கக் கூடியதாயின் அது வாணிக விளம்பரமே என்று கலிபோர்ணியா மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இற் கூறி, வழக்குத் தொடர இடமளித்தது. நியூயோர்க் நீதிமன்றமோ 2000இல், அட்டையும் நூலின் பகுதியே, எனவே பேச்சுரிமையின் காப்பு அதற்கும் உண்டெனக் கூறி வழக்கைத் தள்ளிற்று. எழுத்துச் சுதந்திரத்தை உயிரென மதிக்கும் நாம், இவ்விடயத்திற் கலிபோர்ணியாவின் பக்கமே நிற்போம். எழுத்தாளன் கருத்துக்காகப் பெற்ற காப்பை விற்பனையாளன் எண்ணுக்காக இரவல் கேட்பது முறையன்று. முடிவில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பிழைபட்ட நூலைத் திருப்பிக் கொடுத்தோர்க்குக் கிடைத்தது அதே பதிப்பகத்தின் வேறொரு நூல்.