விருந்தாளி என்ற சொல்லில் ஒரு சிக்கல்

வடகிழக்குப் பருவமழை ஓய்கிற சமயத்தில் ஒரு செய்திக் கட்டுரை வரும். ஒவ்வொரு வருஷமும் வரும். 'வேடந்தாங்கலில் குவியும் வெளிநாட்டு விருந்தாளிகள்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. கீழே சைபீரியா, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், இலங்கை என்று நாடுகளின் பட்டியல். பக்கத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் நிற்கும் படம். குஞ்சு பொரித்து வளர்த்த பின் அவை 'தாய்நாடு திரும்பும்' என்று முடியும். சில வருஷங்களாக இவற்றைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். ஆண்டு எண்ணை மறைத்துவிட்டால் எது எந்த வருஷத்தது என்று எனக்கே தெரியாது.

இந்தக் கட்டுரை வகையின் அடிப்படைத் தப்பு அந்தப் படத்திலேயே இருக்கிறது. பொதுவாக, நெடுந்தூரம் வலசை வருகிற பறவை இங்கே கூடு கட்டாது. அது முட்டையிடுவது வடக்கே, அங்கே கோடை நடக்கும்போது. இங்கே வருவது குளிரிலிருந்து தப்பிக்கவும் இரை தேடவும்தான். வேடந்தாங்கலின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். ஏரிக்கு ஏரி, மாவட்டத்துக்கு மாவட்டம், சமயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் நகர்கிறவை. மழை பெய்து ஏரி நிறைந்தால் வரும், பொய்த்தால் வராது. அவற்றின் காலண்டர் நம்முடைய ஐப்பசி, கார்த்திகைதான்.

அப்படியானால் வெளியிலிருந்து எதுவுமே வருவதில்லையா? நிறைய வருகிறது. செப்டம்பரிலேயே அடையாறு முகத்துவாரத்தில் உள்ளான்கள் இறங்கத் தொடங்கும். பள்ளிக்கரணையில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் குளிர்காலத்தைக் கழிக்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் அதே பள்ளிக்கரணையில் அவற்றுக்குப் பக்கத்திலேயே தாழைக்கோழியும் பவளக்கால் உள்ளானும் வருஷம் முழுக்க இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் தலைப்பு எழுதுவதில்லை. பாஸ்போர்ட் இல்லாத பறவை செய்தியாகாது போல.

உள்நாடு, வெளிநாடு என்ற இந்தப் பிரிவினை எவ்வளவு ஒட்டாதது என்பதற்கு ஆறுமணிக்குருவி போதும். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் தேனாம்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒருநாள் காலை அது உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். வாட்ச்மேன் அண்ணன் "கிளிக்குஞ்சு சார், கூண்டுலேர்ந்து தப்பிச்சிருக்கும்" என்றார். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரவில் பறந்து, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. அசல் வலசைப் பறவை. ஆனாலும் இந்தியாவுக்குள்ளேயே போய் வருவதால் விருந்தாளிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் தமிழில் அதற்கு இந்தப் பெயர். பெயர் வைத்தவர் அது எந்த ஊர்ப் பறவை என்று விசாரிக்கவில்லை. தன் தோட்டத்தில் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார்.

அந்தப் பார்வை தமிழ் எழுத்தில் இல்லாமலில்லை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் வாழ்ந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து தியடோர் பாஸ்கரன் கொண்டுவந்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலின் தலைப்பைப் பாருங்கள். ஒன்று நம்ம பருவம், இன்னொன்று தெருவில் கேட்கிற குரல். அவர் எழுத்தில் அபூர்வம் என்பது தூரத்தால் வருவதல்ல, கவனத்தால் வருவது. ஆனால் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை ஆங்கிலத்தில் பத்தி எழுதியவரின் தமிழ் எழுத்து, அவர் மறைந்த பிறகு தேடித் தொகுக்க வேண்டிய அளவுக்குச் சிதறிக் கிடந்தது. அந்தக் காலி இடத்தில்தான் விருந்தாளிக் கட்டுரை வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அலட்டல் தேவையா என்று கேட்கலாம். விருந்தாளி என்றால் மரியாதை. அதனால்தானே ஜனங்கள் பறவையை அடிக்காமல் விடுகிறார்கள்? பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருந்தாளிக்கு நாம் கொடுப்பது தங்கும் அறை மட்டும்தான். பறவை அப்படி வாழ்வதில்லை. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். கூடு அதற்குள் இருக்கிறது, சாப்பாடு வெளியே. சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல் வயல்களிலும் மீனும் நத்தையும் பொறுக்கி வந்துதான் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. 1998-இல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பொருள் அதுதான். 2020-இல் அந்த எல்லையை மாற்றியமைக்கும் யோசனை வந்தபோது, 'பறவைங்க ஏரியிலதானே இருக்கு, வெளியே எதுக்கு அஞ்சு கிலோமீட்டர்?' என்ற கேள்வி படித்தவர்களிடமிருந்தே வந்தது. நான் காதால் கேட்டேன். வருஷா வருஷம் விருந்தாளிக் கதை படித்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். எதிர்ப்புக்குப் பிறகு யோசனை கைவிடப்பட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி கலெக்டரிடம் கவுல் வாங்கியவர்கள் அவர்கள். பறவை, ஏரி, வயல் மூன்றும் அவர்களுக்கு ஒரே கணக்கு.

தேனாம்பேட்டைக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. அண்ணா சாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கம்வரை நீண்ட ஏரி கிடந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. அங்கே வந்துகொண்டிருந்த பறவைகளை 'விருந்தாளி வரவில்லை' என்று சொல்லி மறந்துவிடலாம். விருந்தாளி வராவிட்டால் வீட்டுக்காரன் மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

கூடு கட்ட வரும் நாரைக்கு நம் மொழியிலேயே சரியான உவமை இருக்கிறது: பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள். அடுத்த ஜனவரியில் கட்டுரை எழுதப்போகிறவர்கள் நாடுகளின் பட்டியலை விட்டுவிட்டு, அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஏரி நிறைந்தது என்று விசாரித்து எழுதினால் போதும். என் கோப்பில் அப்படி ஒன்று இன்னும் சேரவில்லை.