கிராஷ் கார்டு யாரைக் காப்பாற்றுகிறது?

அக்கா மகன் முதல் பைக் வாங்குகிறான். 350 சிசி, 180 கிலோவுக்கு மேல் எடை. ஆக்சஸரீஸ் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, கிராஷ் கார்டு போடலாமா?" என்று கேட்டான். அக்கா ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டாள். "காலுக்குத்தான்டா முக்கியம், பெரிய கம்பியா பார்த்துப் போடச் சொல்லு." அவன் கையில் மிச்சம் 5,000 ரூபாய். கார்டு வாங்கினால் கிளவுஸும் கணுக்காலை மூடுகிற ஷூவும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அந்த அடுத்த மாதம் வராது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கார்டு கட்சிக்காரன். என் பழைய வண்டியில் பதினோரு வருஷம் அது இருந்தது. ரெண்டு தடவை விழுந்திருக்கிறேன். முதல் தடவை பெட்ரோல் பங்கில், சைடு ஸ்டாண்ட் சரியாக விழாமல் வண்டி சாய்ந்தது. கம்பியில் கீறல், என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெண்டாவது மழையில், ஒரு திருப்பத்தில், சேற்றில் வழுக்கி. வேகம் இருபதுகூட இருக்காது. வண்டி என் காலை நசுக்காமல் கம்பிமேல் நின்றது. அன்றிலிருந்து எல்லோரிடமும் "கார்டு காலைக் காப்பாத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டபிறகுதான், நான் சொல்வது சரியா என்று தேடிப் பார்த்தேன்.

மோட்டார் சைக்கிள் விபத்து என்றால் எல்லோரும் போய் நிற்கிற இடம் ஹர்ட் அறிக்கை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட்டும் அவர் குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டது. கிராஷ் பார் பற்றி அதில் உள்ள முடிவு தெளிவானது: காயத்தைத் தடுக்கும் கருவியாக அது பயன்படவில்லை. கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் காயம் கூடி அந்த லாபத்தைச் சமன் செய்துவிடுகிறது.

படித்ததும் எனக்குத் தோன்றியது: அது அமெரிக்கா, பெரிய வண்டி, ஹைவே வேகம், நம்ம ஊருக்குப் பொருந்தாது. ஆனால் அதே அறிக்கையில் மோதும் நேரத்து வேகத்தின் இடைநிலை மணிக்கு 21.5 மைல்தான், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். நம்ம ஊர் டவுன் வேகம்! விபத்துகளில் ஏறக்குறைய முக்கால்வாசி வேறொரு வாகனத்தோடு மோதியவை. அந்த வகை விபத்துக்கு இங்கேயும் பஞ்சமில்லை.

ஏன் இப்படி ஆகிறது? கம்பி வண்டியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, நாம் அப்படி இல்லை. கார் பக்கவாட்டில் குறுக்கே வந்தால் வண்டி நின்றுவிடும், உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். போகிற வழியில்தான் கம்பி இருக்கிறது, முழங்கால் போய் அதில் இடிக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் நேராக மோதுவது, உயரக் கணக்கில் மூன்றரை மீட்டரிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அறுபதில் அது 14 மீட்டர், நாலு மாடி. ஒரு விரல் தடிமன் போல்ட் ரெண்டு, அதை எப்படித் தாங்கும்?

இங்கிலாந்தில் 1980-களில் அரசின் சாலை ஆய்வுக்கூடம் கம்பிக்குப் பதிலாக, நசுங்கி ஆற்றலை உறிஞ்சும் கால் காப்பு ஒன்றை முன்வைத்தது. கால் தப்பினாலும் உடம்பு போகும் பாதை மாறித் தலைக்கு ஆபத்து கூடும் என்று வண்டித் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். வருஷக்கணக்கில் சண்டை. இப்படிப்பட்ட கருவிகளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 13232 தரநிலை 1996-இல் வந்தது. காலுக்குக் காப்பு என்பது ஒரு கம்பியை வளைத்து மாட்டுகிற வேலை இல்லை என்பது மட்டும் எனக்கு இதில் புரிந்தது.

நம்ம சட்டம் ஒரு கார்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டு, மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்கிக்கொள்ளாமல் இருக்க. அந்தக் கார்டு மனிதருக்காக வைத்தது. நாம் ஆசையாக வாங்கும் முன்கார்டு வண்டிக்கு.

அப்படியென்றால் என் கால் தப்பியது பொய்யா? பொய்யில்லை. இருபதுக்குக் கீழே, வேறு எதிலும் மோதாமல், பக்கவாட்டில் சரிந்தால் கம்பி இடைவெளி கொடுக்கிறது. அதற்கு அது நல்ல சாமான். என் தப்பு அந்த ஒரு விழுகையை எல்லா விபத்துக்கும் நீட்டியது. வளைந்த கம்பியைக் காட்டி "இது இல்லேன்னா கால் போயிருக்கும்" என்று சொல்கிற எல்லோரும் செய்வது இதைத்தான். கம்பி வளைந்தது என்பதற்கு மேல் அந்தக் கம்பியிலிருந்து ஒன்றும் தெரியாது. முழங்காலை அதில் இடித்துக்கொண்டவர் கம்பியை யாருக்கும் காட்டுவதில்லை.

அந்தக் கம்பியில்கூட எல்லாம் ஒன்றில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒரு நெம்புகோல், விழும்போது மொத்த விசையையும் போல்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும். ஒற்றைக் குழாய் ஃப்ரேமில் அது மாட்டியிருந்தால், கம்பி பிழைத்து ஃப்ரேம் வளையலாம், அப்புறம் செலவு யாருக்கு? சின்ன நைலான் ஸ்லைடருக்கும் இதே கதை: வழவழப்பான தார் ரோட்டில் வழுக்கும், பள்ளத்திலோ நடுத்திட்டிலோ மாட்டினால் வண்டியைப் புரட்டிவிடும். கம்பிமேல் காலை நீட்டிவைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! பிரேக் ஓரிடம், கால் ஓரிடம்.

அவனுக்குச் சொன்னது இதுதான்: ஷூவும் கிளவுஸும் முதலில். மிச்சம் வந்தால் கார்டு போடு, என்ஜின் கவர் விலை கேட்டுப்பார், அது கார்டைவிட அதிகமாக இருந்தால் கண்டிப்பாகப் போடு. கால் பேரைச் சொல்லிப் போடாதே.

ஷூ வாங்கினான். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மூணாவது வாரம் வீட்டு வாசலில், நின்ற இடத்திலேயே வண்டியைச் சாய்த்துவிட்டான். இண்டிகேட்டர் போச்சு, என்ஜின் கவரில் உள்ளங்கை அளவு கீறல். போட்டோ அனுப்பி அதற்குக் கீழே "மாமா??" என்று மட்டும் போட்டிருந்தான். கார்டு இருந்திருந்தால் அந்தக் கீறல் விழுந்திருக்காது என்று பதில் எழுதினேன். "அதானே அம்மாவும் சொல்றாங்க" என்றான்.