சுவரின் ஈரமும் விற்பவரின் அமானிதமும்

போடிநாயக்கனூர் ஏலத்தில் வணிகர் ஏலக்காய் மாதிரியின் நிறத்தையும் பருமனையும் ஆராய்ந்த பின்னரே விலை கூறுவர். அவ்வூருக்கு மேலே ஏலமலைச் சரிவில் பழைய தோட்ட பங்களா விலைக்கு வரும்போதும் இம்முறையே வேண்டும் என்போம். புதுப்பிக்கும் பணி பாதியில் நிற்பது குறையன்று. திறந்து கிடக்கும் சுவர் உண்மையைச் சொல்லும். விற்பனையை எண்ணி அவசரமாகப் பூசிய சிமெண்டே குறை.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு ஏறினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். மழை மிகுந்த மலைநாட்டில் இக்கேடு பெரிது. போடி ஜமீன் அரண்மனையில் இராமாயணக் காட்சிகளைத் தாங்கி நிற்பதும் சுவர்ப்பூச்சுதான். அது உதிர்ந்தால் ஓவியமும் உடன் உதிரும்.

சுவர் பற்றிய வழக்குகளில் கட்டடக் கலை அறிந்தோரின் கருத்து நாடப்படுவதை, 1377இல் (ஹிஜ்ரி 779) 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். விற்பவரும் தேர்ந்த கொத்தனாரை அழைத்து, முடிந்த வேலையையும் முடியாத வேலையையும் எழுதித் தருவதே முறை.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைக்காததைக் கண்டித்தார்கள். மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை, 'கியாருல் ஐப்' என ஃபிக்ஹு வாங்கியவருக்கு வழங்குகிறது. தானியத்துக்குள் இருந்த ஈரத்துக்கு ஒரு நீதி, சுவருக்குள் இருக்கும் ஈரத்துக்கு வேறு நீதி என்பதில்லை.