கீழ்த்தளத்துப் பாதிரியார்

ஹோசே ரிசாலின் ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ நாவலில் பாதிரியார் ஃப்ளோரெந்தினோவை நாம் முதலில் பார்ப்பது ஒரு நீராவிக் கப்பலின் கீழ்த்தளத்தில். பாசிக் ஆற்றில் செல்லும் ‘தாபோ’வின் மேல்தளத்தில் ஸ்பானியத் துறவிகளும் பெரிய மனிதர்களும் காற்று வாங்குகிறார்கள். கீழே இயந்திரச் சூடு, மூட்டை முடிச்சுகள், மண்ணின் மக்கள், சீனர்கள். அவர்களிடையே இந்த முதியவர். மேலே வரும்படி கேப்டன் ஆளனுப்புகிறார். போகாவிட்டால் துறவிகளோடு சேர மனமில்லை என்று ஆகிவிடுமே என எழுந்து போகிறார். தான் எடுத்து வளர்த்த உறவுப்பிள்ளை இசகானியிடம், நீ அந்தப் பக்கம் வராதே என்கிறார். பிலிப்பைன்ஸின் உள்நாட்டுக் குருக்கள் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அந்த ஏணிப்படியில் இருக்கிறது.

விமர்சகர்கள் இந்தக் கீழ்த்தளத்தில் அதிகம் தங்கியதில்லை. அவர்கள் கண் 39ஆம் அத்தியாயத்தின் மேல். நஞ்சுண்டு சாகும் புரட்சிக்காரன் சிமோனிடம் ஃப்ளோரெந்தினோ சொல்லும் சொற்களை ரிசாலின் தீர்ப்பாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ரிசால் புரட்சியை மறுதலித்தவர் என்று 1969இல் ரெனாத்தோ கான்ஸ்தந்தினோ வைத்த கடுமையான விமர்சனத்துக்குப் பின் அந்தப் பேச்சு இன்னும் சந்தேகத்துக்கு உள்ளானது. பெனடிக்ட் ஆண்டர்சன் 2005இல் எழுதிய நூல் சிமோனின் வெடிகுண்டை ஐரோப்பிய அராஜகவாதத்தோடு இணைத்துக் காட்டியது. பாதிரியார் அங்கே பின்னுக்குப் போய்விடுகிறார்.

எனக்கு வழிகாட்டியவர் இலக்கிய விமர்சகர் அல்லர், உள்நாட்டுக் குருமார்களின் வரலாற்றை எழுதிய, யேசு சபையைச் சேர்ந்த ஜான் ஷூமாக்கர். பங்குகளைத் துறவுச் சபைகள் பிடித்துக்கொள்ள, உள்நாட்டுக் குருக்கள் உதவிக் குருக்களாகவே தேய்ந்த கதை அது. உரிமை கேட்டவர்களில் முன்நின்றவர் ஹோசே புர்கோஸ். 1872 ஜனவரியில் கவிதேயில் வெடித்த சிப்பாய்க் கலகத்தைச் சாக்காக வைத்து, பிப்ரவரி 17 அன்று கோமெஸ், புர்கோஸ், சமோரா ஆகிய குருக்கள் மூவரையும் கழுத்தில் இரும்பு வளையம் முறுக்கிக் கொன்றார்கள். ரிசாலுக்கு அப்போது பத்து வயது; அவர் அண்ணன் பாசியானோ புர்கோஸுக்கு நெருங்கிய மாணவர். 1891இல் கென்ட் நகரில் அச்சான இந்த நாவல் அந்த மூவருக்கே சமர்ப்பணம். தேதியும் வயதுகளும் அதில் பிழை. ஆனால் வாதம் பிழையில்லை: திருச்சபை அவர்களின் குருத்துவத்தைப் பறிக்க மறுத்ததே குற்றச்சாட்டைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்கிறார் ரிசால்.

ஃப்ளோரெந்தினோ யார்? தாயின் நேர்த்திக்கடனுக்காகக் காதலை விட்டுக் குருவானவர். 1872க்குப் பின், தன் பங்கின் நல்ல வருமானமே கண்ணை உறுத்தும் என்று அஞ்சிப் பதவியை விட்டுப் பசிபிக் கரைக்கு ஒதுங்கியவர். பொறுமையும் உழைப்பும் வேண்டும் என்று இவர் சொல்லும்போது, அதை ஆசிரியரின் கொள்கை அறிக்கையாகக் கேட்க என்னால் முடியவில்லை. கொலைமேடைக்குத் தப்பிப் பிழைத்த ஒருவரின் குரல் அது. அந்தக் குரலில் அச்சமும் இருக்கிறது, அறமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க ரிசால் முயலவில்லை. நாவலின் பெருமை அங்கேதான் என்பேன்.

நாட்டின் இளைஞர்கள் எங்கே என்று கடைசியில் அவர் கேட்கிறார். அவர் வளர்த்த பிள்ளை, சிமோன் குண்டு வைத்த விளக்கு இருந்த வீட்டில் தான் நேசித்த பெண் இருக்கிறாள் என்று, அந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றில் குதித்தது நான்கு அத்தியாயங்களுக்கு முன்புதான். இப்போது முதியவர் சிமோனின் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போகிறார். பெட்டி விழுந்த இடத்தில் நீர்த்துளிகள் தெறிக்கின்றன, கடல் மூடிக்கொள்கிறது.