தாழம்பூவின் சாட்சி

பௌர்ணமி கிரிவலத்தில் கூட வந்த நண்பன், நடந்துகொண்டே மலையைக் காட்டிச் சொன்னான்: "பன்றி பூமியத் தோண்டிப் போச்சு, அன்னம் வானத்துல பறந்துச்சு. இப்ப டார்க் மேட்டரைத் தேடுறவங்களும் அதத்தானேடா பண்றாங்க? ஒரு கூட்டம் சுரங்கத்துல, ஒரு கூட்டம் நட்சத்திரத்துல. நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்க."

இதே ஒப்புமையைக் கட்டுரையாகவும் கவிதையாகவும் அடிக்கடி பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. அதில் பக்தி இருப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை.

முதலில் அந்தச் சொல். 'கரும்பொருள்' என்றதும் நம் கவிஞர்கள் இருட்டு, தனிமை, மரணம் என்று இறங்கிவிடுகிறார்கள். கருப்பு நிறம் ஒளியை விழுங்கும். இந்தப் பொருளோ ஒளியைக் கண்டுகொள்வதே இல்லை. ஒளி அதனூடாகப் பேசாமல் போய்விடுகிறது. 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி ஒரு விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் எடை இத்தனை வேகத்தைக் கட்டிப்போடப் போதாது என்றார். எழுபதுகளில் வேரா ரூபின் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து அதை மேலும் உறுதியாக்கினார். இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் பருப்பொருளில் சுமார் 85 விழுக்காடு இதுதான். இருளைவிட, கண்ணாடியே இதற்குப் பொருத்தமான உவமை.

இப்போது பன்றி. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது 'எல்.இசட்.' கருவி. மேலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும். கரும்பொருள் துகள் ஒன்று செனான் அணுக்கருவில் மோதினால் சின்ன ஒளிப்பொறி தெரியும். 2024-ல் 280 நாள் தரவை வைத்து அவர்கள் சொன்னது: காணவில்லை.

அன்னத்தின் கதையும் அதுதான். சூரியனுக்குள் இத்துகள்கள் சிக்கிச் சேர்ந்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் நியூட்ரினோக்கள் வெளிவரும். தென்துருவப் பனிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்கியூப் அதைத் தேடியது. காணவில்லை. சில வகைத் துகள்கள் நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் சேர்ந்தால் அதைக் கருந்துளையாகவே ஆக்கிவிடலாம். ஆனால் மிகப் பழைய நியூட்ரான் நட்சத்திரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவை அழியாமல் இருப்பதையே சாட்சியாக வைத்து அந்த வகைகளைக் கழிக்கிறார்கள்.

சாட்சி என்றதும் கதையின் மறுபாதி வருகிறது. பன்றியாகப் போன விஷ்ணு அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா முடியைக் கண்டேன் என்று பொய் சொன்னார்; விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு இழுத்தார். தண்டனை பொய்க்குத்தான், தோல்விக்கு இல்லை. என் வாசிப்பில் லிங்கோத்பவக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க' என்பவர்கள், காணாமலே கண்டேன் என்கிற அந்த அன்னத்தின் பக்கம் போய் நிற்கிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை.

நண்பன் விடவில்லை. "அப்ப இத்தாலியில அந்த டாமா குழு மட்டும் இருபது வருஷத்துக்கு மேல பார்த்தோம் பார்த்தோம்ங்குதே, அதுவும் தாழம்பூவா?" இல்லை. அவர்கள் தங்கள் கருவி காட்டியதைத்தான் சொல்கிறார்கள். அதே சோடியம் அயோடைடு படிகத்தை வைத்துக் கொரியாவிலும் ஸ்பெயினிலும் தனித்தனியாகத் தேடினார்கள். அந்த ஏற்ற இறக்கம் அங்கே தெரியவில்லை. பிரம்மா தனக்குத் தோதான சாட்சியைப் பிடித்தார்; இவர்கள் தங்களுக்குக் கட்டுப்படாத சாட்சியைக் கேட்கிறார்கள். ஒப்புமை இந்த இடத்தில் உடைகிறது. உடையட்டும்.

அது உடையும் இன்னொரு இடம் எனக்கு முக்கியம். கதையில் தோண்டுவது கடவுள். கோலார் தங்கவயலில் தோண்டியது யார்? 1965-ல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆய்வு நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து காற்றுமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தன. உலகத்தில் அதை முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்த ஆழத்தைத் தங்கத்துக்காகத் தோண்டிவைத்தவர்களில் பெருவாரியானவர்கள் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்து போன தலித் குடும்பங்கள் ஏராளம். 1989 வரை திருவண்ணாமலையும் வட ஆற்காடுதான். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். இயற்பியல் வரலாறு எழுதும்போது ஆழத்தின் அளவைக் குறிக்கிறோம், தோண்டிய கைகளைக் குறிப்பதில்லை.

இந்தக் கதையை அறிவியலோடு சேர்த்து எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். காணவில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தோண்டியது யார் என்று ஒரு வரி சேருங்கள்.

நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். அப்புறம் கேட்டான்: "உங்க பெரிய தாத்தா பேரு என்னடா?" எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்க வேண்டும்.